சென்கிச்சியின் இருபத்து மூன்றாவது பேச்சு

சென்கிச்சி தன் வாழ்நாளில் இருபத்து மூன்று முறை மேடையேறினான். இந்தக் கணக்கில் பிசகு இருக்க வழியில்லை. கணக்கு வைத்திருந்தது அவன் இல்லை, அவனுடைய அக்கா ஓகினு. அவள் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம்தான் படித்தவள். புகுந்த வீட்டிலும் மூன்று வருஷம் இருந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்று மூட்டையோடு திரும்பி வந்தவள். தம்பியின் சவரக்கடையில் துண்டு மடித்தாலும், அவன் பேச்சைப் பிரதி எடுத்தாலும், ஓரம் ஓரத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும் அவளுக்கு. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தைத்த நோட்டு. நோட்டில் எந்த வார்த்தையில் போலீஸ்காரர் அவனை நிறுத்தினாரோ, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு.

அந்தக் காலத்தில் கவாசே ஊரில் யார் மேடையில் பேசுவதானாலும் மூன்று நாள் முன்பே தலைப்பையும் பெயரையும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சு நடக்கும்போது சீருடையில் ஒரு போலீஸ்காரர் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேச்சாளர் எல்லை மீறுவதாக அவருக்குத் தோன்றினால் எழுந்து, "பேச்சு நிறுத்தம்" என்று கத்துவார். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் சிறை.

அரசாங்கம் இதை ஒரு தண்டனையாக நினைத்துச் செய்தது. கவாசே ஜனங்கள் இதை ஒரு கேளிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தம் விழுந்ததும் கூத்துக்கொட்டகையே எழுந்து நிற்கும். உட்கார்ந்திருந்த திண்டுகள் பறக்கும், சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோல் பறக்கும், பட்டு நூற்கும் பெண்கள் விசில் அடிப்பார்கள். நிறுத்தப்பட்டவன் கைகளைக் கட்டிக்கொண்டு, தாடையை ஒரு விரல்கடை உயர்த்தி, நிதானமாக வெளியே நடப்பான். மறுவாரம் பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு வரும். நிறுத்தப்படாதவன் கதி பரிதாபம். பள்ளிக்கூட வாத்தியார் நிராசாக்கி கிணற்றுநீர்ச் சுத்தம் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார், யாரும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்லக்கூட ஒருவரும் கூப்பிட்டதில்லை.

சென்கிச்சி இருபத்திரண்டு முறை பேசி, இருபத்திரண்டு முறையும் நிறுத்தப்பட்டவன். சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெருமை இது. ஓகினு இதை யாரிடமும் தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது கேட்கும்வரை அவர்கள் துண்டை மாற்றாமல் வைத்திருப்பாள், அவ்வளவுதான்.

அவனுக்கு நாட்டுப்பற்று வந்த கதை ஒரு கண்ணாடியில் ஆரம்பிக்கிறது. அப்பா குடுமி கட்டுகிற தொழிலாளி. குடுமியை எடுத்துவிடலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, அதைத் தன்மேல் விழுந்த தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டு அவர் படுக்கையில் விழுந்துவிட்டார். பதினான்கு வயது சென்கிச்சி மேல்நாட்டு மாதிரி முடிவெட்டப் பழக யோக்கோஹாமா துறைமுகத்துக்குப் போனான். அங்கே அவன் வேலை பார்த்த கடையில் ஒருநாள் குடித்துவிட்டு வந்த வெள்ளைக்கார மாலுமி ஒருவன் ஆளுயரக் கண்ணாடியை உதைத்து நொறுக்கினான். எந்த நாட்டு மாலுமி என்பதை சென்கிச்சி மேடைக்கு மேடை மாற்றுவான். வழக்கு நடந்தது. பீரங்கிக் கப்பலோடு வந்த மேல்நாடுகள் துறைமுகங்களைத் திறக்கவைத்து எழுதி வாங்கிய ஒப்பந்தப்படி, வெள்ளைக்காரன் ஜப்பான் மண்ணில் என்ன செய்தாலும் அவனை அவன் நாட்டுத் தூதர்தான் விசாரிப்பார். தூதர் கடைக்கே வந்து அளவெடுத்துப் பார்த்துவிட்டு, நடமாட்டத்துக்கு இடைஞ்சலான இடத்தில் கண்ணாடி மாட்டப்பட்டிருந்தது என்று தீர்ப்புச் சொன்னார். குற்றவாளி கண்ணாடி. மாலுமி தூதரோடு சிரித்துப் பேசிக்கொண்டே போய்விட்டான்.

அந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கும்போது சென்கிச்சிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஊருக்குத் திரும்பி, கடை போட்டு, இருபத்து மூன்று வயதில் முதல் பேச்சில் அதைச் சொன்னான். இருபத்திரண்டு பேச்சிலும் அதையேதான் சொன்னான்.

"நான் சவரம் பண்றவன். என் நாற்காலியில உட்கார்ந்தவன், கழுத்துல கத்தி இருக்கறப்போ, நான் என்ன சொன்னாலும் 'ஆமா'ம்பான். மழை வருமான்னா ஆமா. உன் பொண்டாட்டி அவலட்சணமான்னா அதுக்கும் ஆமா. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டப்போ நம்ம நாடு எங்கே உட்கார்ந்திருந்துதுன்னு நெனைக்கிறீங்க? நாற்காலியிலதான். கப்பல்ல வந்தவன் கையிலதான் கத்தி. சரி, இந்த நாற்காலியை விட்டு நாம எப்படி எழுந்திருக்கறது? சொல்றேன் கேளுங்க..."

"பேச்சு நிறுத்தம்!"

எப்போதும் இந்த இடம்தான். கவாசே காவல் நிலையத்து மகாபேவுக்கு முழங்கால் வாதம். மேடையில் கால்மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. சென்கிச்சியின் பேச்சு கால்மணியில் இந்த வாக்கியத்துக்கு வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். வெளியூர் மேடைகளில் உட்கார்ந்த போலீஸ்காரர்களும் அவரைப் பார்த்து அதே இடத்தில்தான் எழுந்தார்கள். இதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை மகாபே சவரத்துக்கு வருவார். ஓகினு அவருடைய முழங்காலுக்கு மட்டும் தனியாக ஒரு சுடுதுண்டு எடுத்து வைப்பாள்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில், பட்டுக்கூடு வேலையெல்லாம் முடிந்த சமயம், மகாபேவுக்கு முழங்காலை முன்னிட்டு மலையடிவார வெந்நீர் ஊற்று ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்குத் தெற்குச் சீமையிலிருந்து சமேஜிமா என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது, ஒல்லி, முழங்கால் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. இருபத்து மூன்றாவது பேச்சுக்கு அனுமதி வாங்கி, சீட்டெல்லாம் விற்ற பிறகுதான் அவர் முதன்முதலாகச் சவரத்துக்கு வந்தார்.

தாடையில் சோப்பு நுரை பூசும்வரை ஊர் விஷயம் பேசிக்கொண்டிருந்தவர், கத்தி கன்னத்தில் படும் முன் நிதானமாகச் சொன்னார். "போன ஊர்ல நான் பதினோரு பேரை நிறுத்தினேன். பதினோரு பேரும் பெரிய மனுஷனாயிட்டான். ஒருத்தன் மாகாண சபைக்கே போயிட்டான். இங்கே நான் யாரையும் நிறுத்தப் போறதில்ல."

கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்த சென்கிச்சியின் கை பாதியில் நின்றது. "நிறுத்த மாட்டீங்களா?"

"நான் எதுக்கு நிறுத்தணும்? விட்டா அவனவனே நின்னுடுவான். உன் பேச்சு எல்லாத்தையும் பத்தி மகாபே எழுதி வெச்சிருக்கார். நல்லாத்தான் இருக்கு. நாற்காலியை விட்டு எப்படி எழுந்திருக்கறதுன்னு தெரிஞ்சிக்க எனக்கும் ஆசை."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு சென்கிச்சி அவர் கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறினான். கத்தி பிடித்த நாளிலிருந்து அவன் யாரையும் கீறியதில்லை. ஓகினு படிகாரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் போனதும் அவள் இருபத்திரண்டு நோட்டையும் கொண்டுவந்து பாயில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் கடைசி வார்த்தை "கேளுங்க." பக்கத்தில் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

"இதுக்கப்புறம் என்னடா?" என்று கேட்டாள்.

"இதுக்கப்புறம் நிறுத்துவாங்க."

"அது தெரியும். நிறுத்தலேன்னா?"

"நிறுத்தாம எப்படி விடுவாங்கக்கா? அது என்ன நியாயம்?"

நான்கு வருஷமாக மூன்று மாவட்டத்தில் நாட்டின் சுதந்திரத்தைப் பற்றி முழங்கியவனுக்கு, அதை அடைவது எப்படி என்று எழுதிப் பார்க்க அவசியமே வந்ததில்லை. யாரோ ஒருவர் அந்த வேளைக்குச் சரியாக எழுந்து கத்திவிடுவார் என்ற நம்பிக்கையிலேயே காலம் ஓடியிருந்தது. ஓகினுவுக்கும் உறைத்தது. இத்தனை நோட்டைத் தைத்தவள், அத்தனையிலும் பின்பாதி காலியாக இருப்பதைப் பார்த்தும், தாள் வீணாகிறதே என்று மட்டும்தான் வருத்தப்பட்டிருந்தாள்.

மீதி இருந்தது நான்கு நாள். கடைக்கு வந்தவர்களையெல்லாம் சென்கிச்சி நாற்காலியில் வைத்தே விசாரித்தான். வாத்தியார் நிராசாக்கி, உலக நாடுகளுக்கென்று ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது, அதன்படி பெரிய நாடும் சின்ன நாடும் சமம், அதைப் படித்துக் காட்டினால் போதும் என்றார். சென்கிச்சி கத்தியை அவர் தொண்டைக்குழியில் லேசாக வைத்து, "இப்ப படிச்சுக் காட்டுங்க" என்றான். வாத்தியார் அந்த யோசனையைக் கைவிட்டார். மேற்குக் கோயில் பிக்கு, ஆசியாவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அண்ணன் தம்பி, எல்லோருமாகக் கைகோத்து ஒரே சமயத்தில் எழுந்துவிடலாம் என்றார். மொட்டைத் தலையை மழித்துக்கொண்டே சென்கிச்சி யோசித்தான். ஒவ்வொருவனும் தனித்தனி நாற்காலியில், தனித்தனிக் கத்திக்குக் கீழே இருக்கும்போது ஒரே சமயம் என்பதை யார் எண்ணிச் சொல்வது? ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வாயைத் திறந்தவனுக்குத்தான் முதல் வெட்டு விழும். நாடாளுமன்றம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சென்கிச்சியே ஓர் இரண்டு பக்கம் எழுதினான். ஓகினு பிரதி எடுக்கும்போது, "நாற்காலியில உட்கார்ந்தபடியே ஓட்டுப் போடணுமா?" என்று கேட்டாள். அவன் அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டான்.

பேச்சுக்கு முந்தின நாள் காலை, கத்திகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "தெரியலைன்னு சொல்லிடேன்."

"அக்கா, சீட்டு வாங்கி, கிழங்கு வாங்கி, திண்டைத் தூக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கான். அவன்கிட்டப் போய் தெரியலைன்னா சொல்றது?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நாலு வருஷம் சொன்னியே, அதைவிடவா?"

அன்று சாப்பாட்டில் ஊறுகாயை மட்டும் தின்றுவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் மதியம் கொட்டகை நிறைந்து வழிந்தது. இன்ஸ்பெக்டர் யாரையும் நிறுத்துவதில்லையாம் என்ற செய்தி பரவியிருந்ததால், அவரையே தோற்கடித்து சென்கிச்சி நிறுத்தம் வாங்கிவிடுவான் என்று பந்தயம் கட்டியவர்களும் வந்திருந்தார்கள். பட்டுத் தரகர் ஒபாத்தா முன்வரிசையில் இரண்டு ஆள் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஓகினு மூன்றாவது வரிசையில் ஓரமாக, மடியில் புது நோட்டோடு இருந்தாள். சமேஜிமா மேடையில், முழங்கால்மேல் தாளை வைத்து, மைக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சென்கிச்சி நன்றாகவே ஆரம்பித்தான். கண்ணாடி உடைந்தது, அதன்மேல் தீர்ப்பு வந்தது, ஜனம் சிரித்தது. நாற்காலி வந்தது, கத்தி வந்தது. பொண்டாட்டி அவலட்சணம் என்றதும் வழக்கம்போல் ஒபாத்தாவின் மனைவி அவரை முழங்கையால் இடித்தாள். "சரி, இந்த நாற்காலியை விட்டு நாம எப்படி எழுந்திருக்கறது? சொல்றேன் கேளுங்க" என்றான் சென்கிச்சி.

நிறுத்தம் விழவில்லை.

கொட்டகை திண்டுகளைக் கையில் எடுத்துத் தயாராக இருந்தது. சமேஜிமா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, பேச்சாளரை மரியாதையாக ஏறிட்டுப் பார்த்தார். சென்கிச்சி தண்ணீர் குடித்தான். இன்னொரு முறை, "கேளுங்க" என்றான். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் ஒருவன் தும்மினான். சென்கிச்சி தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தான், காலி. அவன் பார்வை மூன்றாவது வரிசைக்கு வந்தது. ஓகினு நோட்டைத் திறந்து, வெள்ளைத் தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றான் சென்கிச்சி.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அதற்குள் ஒபாத்தா எழுந்து நின்றார். அவர் எழுவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். "இதுல தெரியாததுக்கு என்னப்பா இருக்கு? கத்தியை நாம வாங்கணும். அவ்வளவுதான். கப்பல் வாங்கு, பீரங்கி வாங்கு. நாற்காலியை விட்டு எழுந்து, கத்தியை எடுத்து, நீ சவரம் பண்ணு."

கொட்டகையே பிளந்துவிடும் போலக் கைதட்டல். இருபத்திரண்டு நிறுத்தத்திலும் கேட்காத சத்தம் அது. ஓகினு அதைக் குறித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரையும் பார்த்தாள். அனுமதிச் சீட்டில் பெயர் இல்லாத ஆள் பேசினால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அவர் நிறுத்தவில்லை. மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கும்வரை காத்திருந்த சென்கிச்சி கேட்டான். "யாருக்கு?"

"என்ன யாருக்கு?"

"நான் எழுந்துட்டேன். கத்தி என் கையில. நாற்காலியில யார் உட்காருவா?"

"எவனாவது அக்கம்பக்கத்துக்காரன்" என்றார் ஒபாத்தா. சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அதான் கொரியாக்காரனை ஏழு வருஷம் முன்னாடியே உட்கார வெச்சாச்சே" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு.

சென்கிச்சி சிரிக்கவில்லை. தம்பியின் முகம் அப்படி மாறியதை ஓகினு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். யோக்கோஹாமாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்து கண்ணாடிக் கதையைச் சொன்ன அன்று. அப்போது அவன் அதை வேடிக்கையாகச் சொல்லப் பழகியிருக்கவில்லை.

"கொரியாவுலயும் நாம துறைமுகத்தைத் திறக்க வெச்சிருக்கோம்" என்றான் அவன், மேடைக் குரலை விட்டுவிட்டு, கடையில் பேசுவது போல. "அங்கே நம்ம ஆளு தப்புப் பண்ணினா நம்ம தூதர்தான் விசாரிப்பாரு. ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. நமக்கு எழுதினதைப் பார்த்து நாம எழுதிக் குடுத்தது. அப்படின்னா அங்கேயும் ஒருத்தன் கண்ணாடி ஒடைஞ்சிருக்கும். ஒடைச்சவன் நம்ம ஆளு. கண்ணாடிமேல தப்புன்னு சொன்னவரும் நம்ம ஆளு. எவனோ ஒரு பையன் சில்லைப் பெருக்கிட்டு இருப்பான். நாற்காலி மாறலை. கத்தி மாறலை. உட்கார்ந்திருக்கறவன் மட்டும்தான் மாறியிருக்கான். ஒபாத்தா ஐயா, இதுக்குப் பேரு எழுந்திருக்கறது இல்ல. எப்படி எழுந்திருக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா இந்த முடிவு எனக்கு வேணாம்."

"பேச்சு நிறுத்தம்!"

சமேஜிமா எழுந்து நின்றிருந்தார். மைக்கூடு கவிழ்ந்து, எழுதிய தாளெல்லாம் கறுப்பாகிக்கொண்டிருந்தது. தான் கத்தியது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு திண்டும் பறக்கவில்லை. கிழங்குத் தோலை எல்லோரும் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். சென்கிச்சி கைகளைக் கட்டிக்கொள்ள மறந்து, தொங்கவிட்டபடி நின்றான். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரே ஒரு திண்டு கிளம்பியது. நான்கு வருஷமாக, கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் எறிந்ததைப் பொறுக்கி, தட்டி, அடுக்கி வைத்தவள் ஓகினு. எறிந்து பழக்கமில்லாததால் அது மேடைவரை போகாமல் ஒபாத்தாவின் சாப்பாட்டுப் பெட்டியில் விழுந்தது.

ஒரு வருஷத்துக்கு மேடையேறக் கூடாது என்று சென்கிச்சிக்கு உத்தரவு வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம், ஏனென்றால் அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஒபாத்தா இரண்டு மாதம் வேறு கடைக்குப் போனார். அங்கே காதில் வெட்டுப்பட்டதும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். சென்கிச்சி அறுபத்தெட்டு வயதுவரை கத்தி பிடித்தான். ஒப்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தப்பட்டு, வெள்ளைக்காரனையும் ஜப்பான் நீதிமன்றமே விசாரிக்கும் என்று ஆனபோது, ஊரில் விளக்கு ஊர்வலம் விட்டார்கள். அவனும் ஒரு விளக்கு பிடித்துப் போனான். கடல் தாண்டிச் சண்டைக்குப் போகிற பையன்கள் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொள்ள வந்தபோது, மற்ற கடைக்காரர்கள் சொல்கிற வீரவாழ்த்தை அவன் சொல்லவில்லை. பத்திரமாக வா, முடி வளர்ந்திருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினான். மாடத்தில் இருந்த நோட்டுகள் இருபத்து மூன்றோடு நின்றன.

ஆனால் அந்த இருபத்து மூன்றாவது நோட்டு எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை சமேஜிமா சவரத்துக்கு வந்தார். வேறு கடை இருந்தும் வந்தார். விரல் நுனிகளில் மைக்கறை போகவில்லை. சென்கிச்சி பேசாமல் துணியைப் போர்த்தி, நுரை பூசி, கத்தியைத் தீட்டினான். ஓகினு உள்ளே உட்கார்ந்து பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தைவரை எழுதி, பக்கத்தில் சிவப்புக் கோடும் போட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் நிறுத்தலேன்னா அப்புறம் என்ன சொல்லியிருப்பே? மேலிடத்துக்கு எழுதணும்."

சென்கிச்சி கத்தியைக் கையில் பிடித்தபடி நேர்மையாக யோசித்தான். "ஒண்ணுமில்லீங்க. அதோட முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சப்புறம்தான் நீங்க எழுந்தீங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தில் நுரைக்குக் கீழே என்ன ஓடியது என்று தெரியவில்லை. ஓகினு உள்ளே சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அவள் நோட்டில் இதுவரை ஓர் அடித்தல்கூடக் கிடையாது. கறுப்பு மையைத் தொட்டு, அந்தக் கோட்டின் குறுக்கே ஒரே நேராக அடித்தாள். கீழே "முற்றும்" என்று எழுதி, மை காய ஊதிவிட்டு, சுடுதுண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்ப நான் கத்தினது எதுக்குத்தான் ஆச்சு?" என்று சமேஜிமா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் கைதட்டலை" என்றாள் ஓகினு. "நீங்களாவது சத்தம் போட்டீங்களே."

அவர் திரும்பிப் பார்க்கப் போனார். சென்கிச்சி இரண்டு விரலால் அவர் தாடையைப் பிடித்து, பழையபடி நேராக வைத்தான்.

"அசையாதீங்க, ஐயா."